பட்டத் தேதியிலிருந்து ஓடும் கடிகாரம்: போஸ்ட்டாக் கேள்வி – பதில்

போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி பற்றி, உயிர்மருத்துவம், பொதுச் சுகாதாரத் துறைகளில் பிஎச்.டி. முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

தீசிஸ் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. வைவா (வாய்மொழித் தேர்வு) எப்போது என்று தெரியவில்லை. சர்டிஃபிகேட் கையில் வந்தபிறகு போஸ்ட்டாக் தேட ஆரம்பித்தால் போதுமா?
– டி.ஆர்., திருச்சி

போதாது. இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஒரு லேபைக் கண்டுபிடித்து, பேசி, நிதிக்கு விண்ணப்பித்து, விசா எடுத்துப் போய்ச் சேர 10 முதல் 12 மாதம் சாதாரணமாக ஆகும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான வெளிநாட்டு ஃபெலோஷிப்கள் உங்கள் வயதைப் பார்ப்பதில்லை, பட்டம் பெற்று எத்தனை வருடம் ஆனது என்றுதான் பார்க்கின்றன. ஐரோப்பாவின் எம்போ ஃபெலோஷிப்புக்கு 2 வருடம்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக்குக்கு 4, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்.-க்கு 6, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரிக்கு 8. வைவா முடிந்து பட்டம் அறிவிக்கப்பட்டதுமே இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பட்டமளிப்பு விழாவில் கவுன் போட்டுக்கொள்ளும்வரை அது காத்திருக்காது. ஒரு வருடம் அசந்தால் எம்போ கணக்கில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

எந்தத் தேதியைப் போடுவது என்ற குழப்பம் அடுத்து வரும். நம் பல்கலைக்கழகங்களில் வைவா தேதி ஒன்று, ப்ரொவிஷனலில் (தற்காலிகப் பட்டச் சான்றில்) உள்ள பட்டம் வழங்கிய தேதி ஒன்று, விழாத் தேதி ஒன்று என மூன்று இருக்கும். விதிமுறை வேறு மாதிரி சொல்லாத இடத்தில் ப்ரொவிஷனலில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு எல்லாப் படிவங்களிலும் அதையே போடுங்கள். ஒரு படிவத்தில் வைவா தேதி, இன்னொன்றில் விழாத் தேதி என்று மாற்றி மாற்றிப் போட்டவர்கள் வேலையில் சேரும்போது ஆவணச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ப்ரொவிஷனல் தாமதமாவதற்குப் பெரும்பாலும் ஆராய்ச்சி காரணமாக இருக்காது. நூலக நோ-டியூஸ் (பாக்கியில்லைச் சான்று) வரவில்லை, ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றவேண்டிய சாஃப்ட் காப்பி போகவில்லை, தேர்வாளர் சொன்ன திருத்தங்களுக்கு கைடு கையெழுத்து வாங்கவில்லை. இப்படித்தான் இருக்கும். வைவாவுக்கு முந்தின வாரமே இவற்றை முடித்து வையுங்கள். தீசிஸ் கொடுத்த நிலையிலேயே விண்ணப்பிக்கவிடும் திட்டங்களும் உண்டு. நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பான என்.பி.டி.எஃப். அப்படிப்பட்டதுதான். பட்டம் வரும்வரை தொகை கொஞ்சம் குறைவாகத் தருவார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பேராசிரியர்கள் 60 பேருக்கு மெயில் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது, அதுவும் "இப்போது இடம் இல்லை" என்று. என் பேப்பர்கள் மோசமில்லை. எங்கே தவறு?
– எம்.கே., மதுரை

60 என்ற எண்ணிலேயே தவறு தெரிகிறது. ஒருவருக்கு எழுதியதை அறுபது பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரெஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு லேபரட்டரி" என்று தொடங்கும் மெயில் ஒரு நடுத்தர லேபுக்குக்கூட வாரம் பத்து வரும். பெறுபவர் பெண்ணாக இருந்தால் "சார்" என்ற சொல்லோடு கதை முடிந்தது.

காசநோய் நோயெதிர்ப்பில் பிஎச்.டி. செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு பி.சி.ஆர்., எலைசா, வெஸ்டர்ன் பிளாட், செல் கல்ச்சர் தெரியும்" என்ற வரி எதையும் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். "நோயாளிகளின் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளைப் பிரித்து, 7 நாள் வளர்த்து மேக்ரோஃபேஜாக மாற்றி, பி.எஸ்.எல்.-3 (உயர் பாதுகாப்பு) கூடத்தில் காசநோய்க் கிருமியைத் தொற்றவைத்தேன். 12 நிற ஃப்ளோ சைட்டோமெட்ரி பேனலை நானே வடிவமைத்து காம்பன்சேஷன் சரிசெய்தேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு நாளைக்கு உங்களை எந்த மேசையில் உட்காரவைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

மெயில் 200 சொல்லைத் தாண்டவேண்டாம். முதல் பத்தியில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இரண்டாவதில், அவருடைய கடைசி இரண்டு மூன்று பேப்பர்களில் ஒன்றை முழுதும் படித்தபிறகு எழுந்த கேள்வி வரட்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவதில், அந்தக் கேள்விக்கு உங்கள் கைத்திறன் எப்படி உதவும். கடைசியில், எப்போது சேரமுடியும், எந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தயார் என்பது. இந்தக் கடைசி வரியைத்தான் நம்மவர்கள் எழுதுவதில்லை. "எம்போவுக்கு எனக்கு இன்னும் 14 மாதத் தகுதி இருக்கிறது, உங்கள் லேபோடு சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்றால், கையில் காசில்லாத பேராசிரியரும் பதில் போடுவார். (எம்போவுக்கு உங்கள் பெயர் முதலில் வரும் பேப்பர் ஒன்றாவது ஏற்கப்பட்டிருக்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

சி.வி. ஒரே பி.டி.எஃப்., இரண்டு பக்கமும் பேப்பர் பட்டியலும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். கோப்பின் பெயர் "சி.வி. ஃபைனல் நியூ 2" என்று இருக்கக்கூடாது, உங்கள் பெயர் இருக்கட்டும். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை வேண்டாம்.

எழுதுவதற்கு முன் அவரிடம் காசு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) அமைப்பின் ரிப்போர்ட்டர் தளத்தில் பெயரைப் போட்டால் எந்த கிராண்ட் (ஆய்வு நிதி), எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது எல்லாம் வரும். ஜெர்மனிக்கு கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். எல்லாம் இலவசம். ஐந்து வருட கிராண்டின் முதல் வருடத்தில் இருப்பவரும் எட்டு மாதத்தில் முடியப்போகிறவரும் ஒரே மெயிலுக்கு ஒரே பதில் தரமாட்டார்கள். இப்படிப் பார்த்து எழுதினால் மாதம் ஆறேழு பேருக்குமேல் எழுதமுடியாது. அதுதான் சரியான அளவு.

போஸ்ட்டாக் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி ஒன்றரை லட்சம் கேட்கிறது. நம்பலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

வேண்டாம். போஸ்ட்டாக் என்பது அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. "ஹோஸ்ட்டிங் சார்ஜ்", "பெஞ்ச் ஃபீ" என்று உங்களிடமே கேட்டால் அது வேறு ஏதோ. ஆஃபர் கடிதம் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வராமல் ஜிமெயிலிலிருந்து வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இந்தியாவிலேயே போஸ்ட்டாக் செய்தால் எதிர்காலம் உண்டா? குடும்பம் நடத்தும் அளவுக்குக் கிடைக்குமா?
– எஸ்.வி., வேலூர்

வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை. இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா-ஏ உள்ள ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் வழியே மரபணுவைச் செலுத்தி இரத்தக்கசிவை நிறுத்திய சிகிச்சை ஆய்வு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அது நடந்தது உங்கள் ஊர் சி.எம்.சி.யில்தான். சென்னை சேத்துப்பட்டில் இப்போது காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடத்தில், 1956-இல் தொடங்கி 1959-இல் வெளிவந்த ஆய்வுதான், காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. இந்தியாவில் இருந்தால் இரண்டாம்தரம் என்பது இல்லை. ஆனால் இடத்தைப் பார்த்துச் சேரவேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். 2023 ஜூனில் மத்திய அரசு மாற்றிய விகிதப்படி, பிஎச்.டி. முடித்தவர்களுக்கான ரிசர்ச் அசோசியேட் பதவியில் முதல் நிலைக்கு மாதம் ரூ.58,000, இரண்டாம் நிலைக்கு ரூ.61,000, மூன்றாம் நிலைக்கு ரூ.67,000. இதோடு வீட்டு வாடகைப்படி. வாடகைப்படிக்கான நகர வகைப்பாட்டில் சென்னை எக்ஸ் வகை. படி 30 சதவீதம் என்றால் முதல் நிலையில் 17,400 சேர்ந்து 75,400 வரும். மதுரை, கோவை, திருச்சி, சேலம் ஒய் வகை, அங்கே 20 சதவீதம், அதாவது 69,600. வேலூர் இந்தப் பட்டியலில் வராது, அங்கே 10 சதவீதம்தான், 63,800. நிறுவன விடுதியில் தங்கினால் வாடகைப்படி இல்லை.

எங்கே விண்ணப்பிப்பது? பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. நடத்தும் டி.பி.டி. (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) ரிசர்ச் அசோசியேட்ஷிப்புக்கு வயது வரம்பு 40, பெண்களுக்கு 45. இப்போது ஏ.என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு) கீழ் வந்துவிட்ட என்.பி.டி.எஃப். இரண்டு வருடம், பொதுப் பிரிவுக்கு 35 வயது வரம்பு. இதில் உங்கள் வழிகாட்டியிடம் ஏற்கெனவே இரண்டு என்.பி.டி.எஃப். இருந்தால் உங்களைச் சேர்க்கமுடியாது. விண்ணப்பத்தை எழுதி முடித்தபிறகு இதைத் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்தவர்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஒருபடி மேலே இருப்பது டி.பி.டி.யும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் ஏர்லி கரியர் ஃபெலோஷிப். 2008-இல் தொடங்கியது. 2025 அக்டோபரில் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, மொத்தம் ரூ.1,500 கோடி, அதில் டி.பி.டி. பங்கு 1,000, வெல்கம் பங்கு 500. வயது வரம்பு கிடையாது, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம்தான் கணக்கு. மற்ற போஸ்ட்டாக்கில் நீங்கள் ஒருவருடைய கிராண்டில் வேலை செய்வீர்கள். இதில் பட்ஜெட் உங்களுடையது, உபகரணமும் கன்ஸ்யூமபிளும் உங்கள் பெயரில் வரும். அதனால்தான் நேர்காணலில் "இது உன் யோசனையா, உன் கைடு யோசனையா" என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பிஎச்.டி. தலைப்பையே இன்னும் மூன்று வருடம் நீட்டும் விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிடும்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு பிரச்சினை நிச்சயம்: பணம் மாதாமாதம் வராது. சென்ற வருடச் செலவுக்கான யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டை நிறுவனம் அனுப்பி, அது ஏற்கப்பட்டால்தான் அடுத்த தவணை விடுவிக்கப்படும். மார்ச் 31-இல் கணக்கு மூடினால் ஏப்ரலிலிருந்து ஜூலை, ஆகஸ்ட்வரை வறட்சி. நான்கைந்து மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள். சேருமுன் அந்த லேபில் இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஏப்ரல், மே மாதம் பணம் எப்போது வந்தது?" சில நிறுவனங்கள் தங்கள் நிதியிலிருந்து முன்பணமாகத் தந்துவிட்டுப் பிறகு நேர்செய்துகொள்ளும். அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கைடுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ரெஃபரென்ஸ் லெட்டர் கொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் இல்லாமல் முடியுமா?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

முடியும், கொஞ்சம் சிரமம். மூன்று கடிதத்தில் கைடுடையது இல்லையென்றால் கேள்வி வரும். டாக்டரல் கமிட்டி உறுப்பினர் ஒருவர், பேப்பரில் உடன் எழுதிய வேறு லேப்காரர் ஒருவர், உங்கள் வேலையை நேரில் பார்த்த இன்னொருவர் என்று மூவரைப் பிடியுங்கள். புகழ்பெற்றவர் எழுதிய பொதுவான நாலு வரியைவிட, "இரண்டு வருடம் என் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பியைக் கவனித்துக்கொண்டார்" என்று எழுதும் சாதாரண ஆள் மேல். கைடு கடிதம் ஏன் இல்லை என்று கேட்டால் ஒரே வரி போதும்: "கைடுக்கும் எனக்கும் பேப்பர் வெளியீட்டில் கருத்து வேறுபாடு. டாக்டரல் கமிட்டியின் இன்னார் என் வேலையை அறிவார்." அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். புகார் படிக்கும் பேராசிரியர் நாளைக்குத் தன்னைப்பற்றி நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்றுதான் யோசிப்பார்.

கடிதம் தருபவருக்கு நான்கு வாரம் கொடுங்கள். அவருடைய நிறுவன முகவரியையே படிவத்தில் போடுங்கள், ஜிமெயிலைப் பல தளங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. கடிதம் ஏற்றச் சொல்லி அவருக்குப் போகும் தானியங்கி இணைப்பு ஸ்பேமில் விழுந்திருக்கும், கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே போன் போட்டுக் கேளுங்கள்.

பாஸ்டனில் ஒரு லேபில் இடம் கிடைத்திருக்கிறது. ஜே-1 விசா என்கிறார்கள். எச்-1பி கேட்கலாமா? கணவருக்கும் அங்கே வேலை வேண்டும்.
– ஆர்.பி., சென்னை

ஜே-1 பரிமாற்ற வருகையாளர் விசா, எச்-1பி வேலை விசா. உங்கள் நிலைமைக்கு ஜே-1 தான் நல்லது. ஜே-1-இல் போனால் துணைவருக்குக் கிடைக்கும் ஜே-2-இல் வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். எச்-1பி துணைவருக்குத் தரும் எச்-4-இல், கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டாமல் அந்த வாய்ப்பு இல்லை. அதோடு 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கென்று அதில் பொது விலக்கு இல்லை. ஒரு போஸ்ட்டாக்குக்காக எந்தத் துறையும் அதைக் கட்டாது.

ஜே-1 என்றாலே இரண்டு வருடம் இந்தியா திரும்பி இருக்கவேண்டும் என்ற பயம் பழையது. அந்த நிபந்தனை பொருந்தும் நாடுகளைச் சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அரசுப் பணத்தில் போனால் அந்த நிபந்தனை இன்னும் பொருந்தும். ஜே-1-க்காக அங்கிருந்து வரும் டி.எஸ்.-2019 படிவத்தில் நிதி எங்கிருந்து வருகிறது என்ற பகுதியைக் கவனமாகப் பாருங்கள். ரிசர்ச் ஸ்காலர் பிரிவில் உச்சம் 5 வருடம். ஒரு வருடத்திலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த 24 மாதம் அதே பிரிவில் திரும்பப் போகமுடியாது. "முதலில் ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று ரிசர்ச் ஸ்காலராகப் போகவேண்டாம், அதற்கு ஷார்ட்-டெர்ம் ஸ்காலர் என்று தனிப் பிரிவு உண்டு.

செவிஸ் (வருகையாளர் பதிவு) கட்டணம் 220 டாலர். நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும் இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். நோய்க்கிருமி, நச்சு, மரபணு மாற்றம் என்ற சொற்கள் வந்தால் 221-ஜி சீட்டு கொடுத்துக் கூடுதல் பரிசோதனைக்கு அனுப்புவது உண்டு, அது வாரக்கணக்கில் இழுக்கும். சி.வி., பேப்பர் பட்டியல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், பேராசிரியரின் கடிதம் நான்கையும் கையில் வைத்திருங்கள். கேட்ட அன்றே கொடுத்துவிடலாம்.

சம்பளத்துக்கு அளவுகோல் என்.ஐ.எச். விகிதம். 2025 நிதியாண்டில் அனுபவமில்லாதவருக்கு வருடம் 62,232 டாலர். பாஸ்டன் வாடகைக்கு முன்னால் இது பெரிய தொகையில்லை, உங்கள் பல்கலைக்கழகம் அதற்குமேல் தருகிறதா என்று கேளுங்கள். வரி விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. இந்திய – அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவில் ஆய்வாளருக்கு இரண்டு வருட விலக்கு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குமேல் தங்கினால் அந்த விலக்கு முதல் நாளிலிருந்தே ரத்தாகி, பழைய வரியும் சேர்ந்து வரும். மூன்று வருடம் இருக்கும் எண்ணமிருந்தால் அதைத் தொடாமலிருப்பதே நிம்மதி.

என்.ஐ.எச். தரும் எஃப்32 ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். அதன் கே99/ஆர்00 நிதி நமக்கும் உண்டு: வழிகாட்டியின் கீழ் இரண்டு வருடம்வரை, பிறகு சொந்த லேபில் மூன்று வருடம்வரை. போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டுமுன் விண்ணப்பிக்கவேண்டும். முதல் முறை கிடைக்காமல் திருத்தி அனுப்பவும் நேரம் வேண்டுமே, அதனால் மூன்றாம் வருடத் தொடக்கத்துக்குள் முதல் விண்ணப்பம் போய்விடவேண்டும். குழந்தை பிறந்தால் ஒரு வருட நீட்டிப்பு கேட்கலாம்.

நான் எம்.டி. சமுதாய மருத்துவம். பிஎச்.டி. இல்லை. போஸ்ட்டாக் கிடைக்குமா?
– டாக்டர் ஒருவர், தஞ்சாவூர்

கிடைக்கும். இந்தியா அலையன்ஸின் மருத்துவ – பொதுச் சுகாதாரப் பிரிவில் எம்.டி. போதும், பிஎச்.டி. கேட்பதில்லை. அமெரிக்காவிலும் மருத்துவப் பட்டத்தோடு ஆய்வு போஸ்ட்டாக்காகச் சேரலாம், வெறும் ஆய்வுக்கு யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) தேவையில்லை. ஆனால் நோயாளியைத் தொடக்கூடாது, அதற்கென்று ஒரு கடிதமே விசாவோடு வரும். "போய்ச் சேர்ந்தால் அப்படியே ரெசிடென்சிக்குள் (மருத்துவமனை மேற்பயிற்சிக்குள்) நுழைந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அது வேறு தேர்வு, வேறு வகை ஜே-1, அதில் இரண்டு வருடம் ஊர் திரும்பும் நிபந்தனை இப்போதும் உண்டு.

எம்.டி. படித்தவர்கள் சறுக்குவது புள்ளியியலில். தீசிஸுக்கு யாரோ எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் போட்டுக்கொடுத்த அட்டவணையை நேர்காணலில் விளக்கத் தெரியாமல் முழிப்பார்கள். ஆர் மொழியில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஒன்றை நீங்களே ஓட்டி, எந்த மாறியை ஏன் சேர்த்தீர்கள் என்று சொல்லத் தெரியவேண்டும். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே நடக்கும் பயிற்சிகளைக் கவனியுங்கள். அரசுக் கல்லூரி பாண்ட் (கட்டாயப் பணி ஒப்பந்தம்) முடியாமல் ஒரிஜினல் சர்டிஃபிகேட் கைக்கு வராது, அதையும் கணக்கில் வைத்துத் தேதி சொல்லுங்கள்.

பிஎச்.டி. முடித்துக் குழந்தைக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்தேன். வயது 36. இனி யார் எடுப்பார்கள்?
– ஜி., நாகர்கோவில்

என்.பி.டி.எஃப்.-இல் பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு, 40 வரை போகலாம். டி.பி.டி. ரிசர்ச் அசோசியேட்ஷிப்பில் 45. டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) நடத்தும் வைஸ்-கிரண் திட்டத்தின் கீழ் பெண்களுக்கான போஸ்ட்டாக் திட்டம் தனியாக இருக்கிறது, டி.பி.டி.யின் பயோகேரும் அப்படித்தான். மேரி கியூரியின் 8 வருடக் கணக்கில் பேறுகால விடுப்பு போன்ற ஆவணமுள்ள இடைவெளியைக் கழித்துவிடுவார்கள். குழந்தையின் பிறப்புச் சான்று எடுத்து வையுங்கள்.

சி.வி.யில் இடைவெளியை மறைக்கவேண்டாம். "2021–2025: குழந்தை வளர்ப்பு" என்று ஒரே வரி, மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ஆனால் நேராக ஃபெலோஷிப்புக்குப் போகுமுன் ஆறு மாதமாவது லேபில் கால்வைத்து, கிடப்பில் போட்ட பேப்பரை வெளியிடுங்கள். அப்போது ஒரு எச்சரிக்கை: பிஎச்.டி. தேவையில்லாத ப்ராஜெக்ட் பதவியைக் "கிடைத்தது போதும்" என்று ஏற்காதீர்கள். அந்தச் சம்பளமே உங்கள் தரமாகிவிடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். முழுதாக விட்டுவிட்டு வரமுடியாது, ஒரு வருடம் விடுப்பு எடுக்கலாம். எது பொருந்தும்?
– யாழ்ப்பாணத்திலிருந்து

ஹம்போல்ட் உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். 6 முதல் 24 மாதம், வருடம் முழுதும் விண்ணப்பிக்கலாம், நாட்டுக்கென்று, துறைக்கென்று ஒதுக்கீடு இல்லை. ஜெர்மனியில் ஏற்கச் சம்மதிக்கும் பேராசிரியரின் உறுதிக் கடிதமும் ஐந்து பக்கத்துக்கு மிகாத ஆய்வுத் திட்டமும் வேண்டும். முடிவு வரச் சில மாதம் ஆகும் என்பதால் விடுப்புத் தேதியை முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் உறுதி செய்துவிடாதீர்கள். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். 12 முதல் 24 மாதம், மாதம் 3,62,000 யென். இதில் விண்ணப்பத்தை அந்நாட்டுப் பேராசிரியர்தான் தம் பல்கலைக்கழகம் வழியே போடவேண்டும். அவர்களுடைய உள் கடைசித் தேதி அறிவிக்கப்பட்ட தேதிக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். இணையத்தில் உள்ள தேதியை நம்பிக் கோட்டைவிடுபவர்கள் இதில்தான் அதிகம்.

மேரி கியூரியும் இருக்கிறது, ஆனால் 2025-இல் அதற்கு 17,000-க்குமேல் விண்ணப்பங்கள். முதல் தெரிவாக வைக்கவேண்டாம்.

லேப் வேலையே தெரியாமல் கம்ப்யூட்டர் வழியே மட்டும் உயிர்மருத்துவ போஸ்ட்டாக் செய்யலாமா?
– கே., திருநெல்வேலி

செய்யலாம், இடமும் நிறைய. சி.வி.யைவிட உங்கள் கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். டி.சி.ஜி.ஏ. (புற்றுநோய் மரபணுத் தரவு), ஜி.டெக்ஸ் (திசுவாரி மரபணு வெளிப்பாட்டுத் தரவு) போன்ற திறந்த தரவில் ஒரு முழு ஆய்வைத் தொடக்கம் முதல் படம்வரை வேறொருவர் ஓட்டிப் பார்க்கும்படி வையுங்கள். இந்தியத் தரவு வேண்டுமென்றால், 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி 2025 ஜனவரியில் ஃபரீதாபாத்தின் ஐ.பி.டி.சி. (இந்திய உயிரியல் தரவு மையம்) வழியே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அனுமதி தனிநபருக்குக் கிடைக்காது, நிறுவனத்தின் பெயரில்தான்.

அடுத்த வாரம் ஆன்லைனில் நேர்காணல். 40 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதற்குத் தயாராவது?
– என்.எஸ்., புதுச்சேரி

40 நிமிடத்துக்கு 25 ஸ்லைடுக்குமேல் வேண்டாம். தீசிஸின் நான்கு அத்தியாயங்களையும் சொல்லாமல் ஒரு கேள்வியை எடுத்து முடிவுவரை கொண்டுபோங்கள். கடைசி ஸ்லைடில் உங்கள் முடிவுக்கு எதிராகப் போன தரவு ஒன்றைக் காட்டினால் மரியாதை கூடும்.

நிச்சயம் வரும் கேள்வி: "இந்தப் பட்டைப் படத்தில் 'n' (மாதிரி எண்ணிக்கை) எவ்வளவு?" மூன்று என்பீர்கள். "மூன்று என்றால் என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரே தட்டில் மூன்று குழியில் ஒரே செல்லைப் போட்டு அளந்திருந்தால் அது மூன்று அல்ல, ஒன்று. அந்த மூன்றும் உங்கள் பிப்பெட் எவ்வளவு துல்லியம் என்பதைத்தான் சொல்கின்றன. மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜ் செல்களில், அல்லது மூன்று வெவ்வேறு நோயாளிகளின் இரத்தத்தில் செய்திருந்தால்தான் 'n' மூன்று. தயங்கினால் மீதி ஸ்லைடுகளை யாரும் பார்க்கமாட்டார்கள். இன்றிரவே ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை ஆள், எத்தனை முறை, எந்தச் சோதனை என்று எழுதிவிடுங்கள். படத்தில் உள்ள பிழைக்கோடுகள் திட்டவிலகலா திட்டப்பிழையா என்பதையும். வெஸ்டர்ன் பிளாட் இருந்தால் வெட்டாத முழுப்படத்தை ஒரு கூடுதல் ஸ்லைடில் வைத்திருங்கள், கேட்டவுடன் திறக்க.

பிறகு உங்கள் முறை வரும். "வேலை நேரம் என்ன" என்று கேட்காதீர்கள், அதை லேபில் இருப்பவர்களிடம் தனியாகக் கேட்கலாம். பேராசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்: என் சம்பளம் எந்த கிராண்டிலிருந்து, அது எப்போது முடிகிறது? எனக்குக் கொடுக்கும் ப்ராஜெக்டை ஏற்கெனவே யாராவது தொட்டிருக்கிறார்களா? போகும்போது எந்தப் பகுதியை நான் என்னுடன் எடுத்துப்போகலாம்? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் மழுப்பினால், அந்த லேபிலிருந்து கடந்த ஐந்து வருடத்தில் வெளியேறிய மூன்று பேரின் பெயரைப் பழைய பேப்பர்களில் தேடி எடுத்து, அவர்களுக்கு ஒரு மெயில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.